நாங்கள் எல்லாம் வீட்டில்தானே பிறந்தோம்!

"நாங்கள் எல்லாம் வீட்டில்தானே பிறந்தோம்? எந்த ஊசி போட்டார்கள்? நன்றாகத்தானே இருக்கிறோம்?"

காலையில் நடக்கப் போகும் இடத்தில் இந்த வசனத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுகிறேன். சொல்கிறவர்கள் எல்லோரும் என் வயதை ஒட்டியவர்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள், படித்தவர்கள், இரண்டு பேர் ஆசிரியர்களாகவே இருந்தவர்கள். யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார்கள். மருத்துவமனை வேண்டாம், மாத்திரை வேண்டாம், கர்ப்பிணிக்கு ஊசியே வேண்டாம், பிரசவம் என்பது இயற்கை என்று ஒருவர் அதில் சிரித்த முகத்தோடு பேசுவார். பார்த்ததும் நம் ஆட்களுக்குத் தங்கள் அப்பத்தா ஞாபகம் வந்துவிடும். அந்தக் காலம் மாதிரி வருமா என்று ஒரு பெருமூச்சு.

நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நாலு பேர் சேர்ந்து அடக்கிவிடுகிறார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

பிறந்து தங்காமல் போன குழந்தைகள் எழுபது வயதில் நடைப்பயிற்சிக்கு வந்து "நாங்களும் வீட்டில்தான் பிறந்தோம்" என்று சொல்லப்போவதில்லை. பேசுகிறவர்கள் எல்லாம் பிழைத்தவர்கள். பிழைத்தவர்களை மட்டும் கூட்டிவைத்துக் கை தூக்கச் சொன்னால் எந்தக் காலமும் பொற்காலம்தான்.

என் அம்மா எட்டுப் பெற்றாள். தங்கியது ஐந்து. "மூணு தங்கலை" என்பாள், கீரை ஆய்ந்துகொண்டே. அந்த மூன்றில் ஒன்றைப் பற்றி ஒருமுறை விவரமாகச் சொன்னாள். "நல்லாத்தான் பொறந்துச்சு. ரெண்டு நாள் நல்லாப் பால் குடிச்சுச்சு. ஆறாம் நாள் வாய் கட்டிப்போச்சு, காம்பைப் பிடிக்கத் தெரியலை. ஒடம்பு வில்லு மாதிரி வளைஞ்சுபோச்சு. கதவைச் சாத்துற சத்தம் கேட்டாலே தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஒம்பதாம் நாள் போயிருச்சு." அவளைப் பொறுத்தவரை அது மாந்தம். பக்கத்து வீட்டு ஆத்தாவைப் பொறுத்தவரை காத்துக் கருப்பு.

பிறந்த முதல் இரண்டு நாள் நன்றாக அழுது, பால் குடித்து, மூன்றாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் இடையில் பால் குடிக்க முடியாமல் போய், உடம்பு விறைத்து வெட்டு வந்தால் அது பச்சிளங்குழந்தை ரண ஜன்னி. உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் இலக்கணம் இது. ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை, இந்த அடையாளமே போதும் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத என் அம்மா அந்த இலக்கணத்தை ஒரு வரி பிசகாமல் சொல்லியிருக்கிறாள். ஏனென்றால் பார்த்திருக்கிறாள். வில்வாதம், தனுர்வாதம் என்று பழைய பெயர்கள் இருப்பதும் அந்த வளைந்த முதுகைப் பார்த்தவர்கள் வைத்ததால்தான்.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். 1984-ல் சேர்ந்தேன். வாக்காளர் பட்டியல், சிட்டா, அடங்கல் என்று பெயர்களோடேயே முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தாகிவிட்டது. பழைய பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். பிச்சை, பிச்சையம்மாள், குப்பன், குப்பம்மாள், தவுட்டான். இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று இந்தத் தலைமுறைக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். முன்னால் பிறந்தது தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள். உறவுக்காரி ஒருத்தியிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்குவார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமனுக்கும் வேண்டாம் என்று காட்டுவதற்காக. பட்டியலில் அந்தப் பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவருக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நம் பொற்காலம் வாக்காளர் பட்டியலில் அச்சாகியிருக்கிறது ஐயா, போய்ப் படித்துப் பாருங்கள்.

எல்லாச் சாவும் ரண ஜன்னிதான் என்று நான் சொல்லவில்லை. குறைமாதம், குளிர், வயிற்றுப்போக்கு, நிமோனியா எல்லாம் இருந்தன. ஆனால் நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, ஏழாம் நாளை ஒட்டி வாய் கட்டிப் போனால், அதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கிருமி மண்ணில் இருக்கிறது, மாட்டுச் சாணத்தில் இருக்கிறது, குதிரை லத்தியில் இருக்கிறது. துருப்பிடித்த ஆணியில்தான் வரும் என்று நினைக்கிறோம். துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆணியில் ஒட்டிய மண்ணுக்குத்தான் சம்பந்தம். காற்றுப் படாத இடத்தில்தான் அது முளைக்கும். மற்ற நேரத்தில் விதை மாதிரி ஓடு போர்த்திக்கொண்டு வருடக்கணக்காக மண்ணில் கிடக்கும்.  கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தாலும் போய்விடும் என்று நம்ப முடியாது. அறுத்த தொப்புள்கொடியின் முனை அதற்கு நல்ல விளைநிலம். அங்கே முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டு அதில் இரண்டரைப் பங்கு இருந்தால் போதும், ஆளை முடித்துவிடும். பிறந்த குழந்தை மூன்று கிலோ. தசையைத் தளரச் சொல்லும் நரம்புக் கட்டளையை இந்த நஞ்சு தடுத்துவிடுவதால் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கிறது. கொடுமை என்னவென்றால், குழந்தைக்கு நினைவு தப்புவதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் அநேகமாக எல்லாக் குழந்தையும் இறந்துவிடும். நல்ல ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தாலும் பல குழந்தைகள் தப்புவதில்லை.

இனி நம் "இயற்கைப் பிரசவம்" எங்கே நடந்தது என்று பார்ப்போம். வீட்டில் என்கிறீர்களே, வீட்டில் எங்கே? கூடத்திலா, பூஜை அறைப் பக்கத்திலா? தீட்டு என்று சொல்லிக் கொல்லைப்புறக் கொட்டகையில். மாடு கட்டும் தாழ்வாரத்தில். சாணம் மெழுகிய தரையில். எப்படியும் தூக்கி எறிய வேண்டியதுதானே என்று வீட்டிலேயே ஆகக் கிழிந்த சேலை, பழைய சாக்கு. கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துக் கோலம் போட்டவர்கள், அந்த வீட்டுப் பெண் பிள்ளை பெறப் போகும்போது அவளை வீட்டிலேயே அழுக்கான இடத்துக்கு அனுப்பினார்கள். தீட்டு என்ற பெயரில் தாயையும் பிள்ளையையும் எதிலிருந்து ஒதுக்கினோம் என்று யோசித்தால், சுத்தத்திலிருந்துதான். இதைச் சொன்னால் நண்பர் ஒருவர் மரபைக் குறை சொல்கிறேன் என்று கோபித்துக்கொண்டார். சாணத்தில் கிருமி இருக்கிறது என்பது அவருக்கும் எனக்கும் உள்ள கருத்து வேறுபாடு அல்ல.

கொடியை அறுத்தது எதனால்? கதிர் அறுக்கும் கருக்கரிவாள், மூங்கில் சிம்பு, அப்பா முகம் வழித்த பிளேடு. கட்டியது பழஞ்சேலையில் கிழித்த நூல். அறுத்த இடத்தில் வைத்தது அடுப்புச் சாம்பல், சாணிச் சாம்பல், சுட்ட வசம்பின் கரி, விளக்கெண்ணெயில் குழைத்த மஞ்சள்.

உடனே மருத்துவச்சியைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். நான் வேலை பார்த்த முதல் ஊரில் ஒரு மருத்துவச்சி இருந்தார். சுற்றியுள்ள ஆறு ஊருக்கும் அவர்தான். கால் மாறி வந்த பிள்ளையையும் எடுத்துவிடும் கை. சேரவேண்டிய நெல்லைக் கேட்டு வாசலில் நிற்பார், வீட்டுக்குள் விடமாட்டார்கள். அவரிடம் நான் இந்தச் சாவுகளைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: "புள்ளைய எடுக்குறது எங் கை. அறுக்குற சாமான் அவுக குடுக்குறது, கணக்குப்பிள்ளை. புது பிளேடு கேட்டா, அரிவாள் இருக்கையில் எதுக்குக் காசுக்குச் செலவும்பாக." பிற்பாடு அரசாங்கம் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டியும் கொடுத்தபோது, நான் பார்த்தவரையில் அதை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களில் அவர் ஒருவர். ஊர்ப் பெரிய மனிதர்கள் மாறுவதற்கு முன்னால் அவர் மாறினார்.

என்னிடம் ஒரு பதிவேடு இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவேடு. 1969-ம் வருடச் சட்டப்படி ஊரில் எது பிறந்தாலும் எது இறந்தாலும் அதில் ஏற வேண்டும். ஆனால் ஒன்பதாம் நாள் இறந்த பிள்ளைக்காக யார் என்னிடம் வருவார்கள்? பெயர் வைக்கவில்லை, தொட்டில் போடவில்லை. பிறப்பையே இன்னும் சொல்லவில்லை, அதற்குள் இறப்பு. தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு மறுநாள் களையெடுக்கப் போய்விடுவார்கள். பிறந்ததற்கும் சாட்சி இல்லை, போனதற்கும் சாட்சி இல்லை. உலகம் முழுவதும் இந்த நோயின் கணக்கு இப்படித்தான் கிடந்தது. நடந்ததில் மிகச் சிறு பங்குதான் ஏட்டில் ஏறியது என்கிறார்கள் அறிஞர்கள். பிறகு வீடு வீடாகப் போய் விசாரித்து மதிப்பிட்டபோதுதான் அளவு தெரிந்தது. 1988-ல் மட்டும் உலகில் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இதனால் இறந்ததாக மதிப்பீடு. அந்தக் காலகட்டத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் குழந்தைகளுக்கு இந்த நோய் வந்தது. பதினோராம் நாளும் பதினாறாம் நாளும் பெயர் வைக்கிற வழக்கமே, அதுவரை தங்குமா என்று பார்க்கத்தான் வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சாஸ்திரம் தெரிந்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

இது எப்படிக் குறைந்தது? யாரும் மந்திரம் போடவில்லை. கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். நியூகினியில் செய்து பார்த்து 1961-ல் இதை நிரூபித்தார்கள். பிறந்த பிறகு குழந்தைக்கு ஊசி போட்டுப் பயனில்லை, அது வேலை செய்வதற்குள் ஏழாம் நாள் வந்துவிடும். ஆகவே தாய்க்குத்தான் போட வேண்டும். இந்தியாவில் 1978-ல் தடுப்பூசித் திட்டம் வந்தது, 1985-ல் அதை விரிவாக்கினார்கள். தொண்ணூறுகளில் ஐந்து சுத்தம் என்று நர்ஸம்மாக்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள்: கை, பிரசவம் நடக்கும் இடம், பிளேடு, கொடியைக் கட்டும் நூல், கொடியின் முனை. எங்கள் நர்ஸம்மா ஒருத்தி, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் மூன்று மைல் நடந்து வருவார். பஸ் கிடையாது. ஊசி என்றதும் கர்ப்பிணிகள் சோளக்கொல்லையில் போய் ஒளிந்துகொள்வார்கள். அவர் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்து போட்டுவிட்டுத்தான் போவார். அவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசுகிறவருக்கு லட்சக்கணக்கில் பார்வையாளர்கள்.

2015-ல் தாய்க்கும் சேய்க்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. நல்ல செய்திதான். ஆனால் "ஒழிப்பு" என்ற அந்தச் சொல் நம்மை ஏமாற்றுகிறது. பெரியம்மையை ஒழித்தோம் என்றால் அது உலகத்திலேயே இல்லை, அதனால் அம்மை குத்துவதை நிறுத்தினோம். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒரு குழந்தைக்கும் குறைவாக நோய் வந்தால் ஒழிந்ததாகக் கணக்கு. கிருமி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, நான் நடக்கிற பூங்கா மண்ணிலும் இருக்கிறது. ஆயிரம் வருடம் ஊசி போட்டாலும் மண்ணுக்கு ஊசி போட முடியாது.

இன்னொன்று. தட்டம்மை மாதிரி இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. அதனால் ஊரில் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், நான் ஒருத்தி போடாவிட்டால் என்ன என்ற தப்பித்தல் இதில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கொண்ட ஊசி உங்கள் பேரக்குழந்தையைக் காப்பாற்றாது. ஏன், ஒருமுறை இந்த நோய் வந்து பிழைத்தவருக்கே மறுபடி வரலாம். நோயை உண்டாக்கப் போதுமான நஞ்சு, எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கப் போதாது. "இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி வரும்" என்று வீடியோவில் சொல்கிறார்களே, இந்த நோயில் இயற்கை அந்த ஏற்பாட்டைச் செய்யவே இல்லை.

2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் ரத்தப்போக்கால் இறந்துபோனார். அவரும் படித்தவர். அது ரண ஜன்னி அல்லதான். ஆனால் அங்கே போன வழி அதே வழி: ஆஸ்பத்திரி வேண்டாம், ஊசி வேண்டாம், பாட்டி காலத்து முறையே போதும். நம் மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. மீதி ஒன்றுக்குள் முன்பு ரோடு இல்லாத மலைக்கிராமத்துப் பெண்தான் இருப்பார். இப்போது காரும் வைஃபையும் உள்ள வீடும் அதில் வந்து சேர்கிறது.

கர்ப்பிணிக்குப் போடும் ஊசியில் கருத்தடை மருந்து கலந்திருக்கிறது என்று ஒரு வதந்தி உண்டு. இது நம் ஊர்ச் சரக்குகூட இல்லை. 2014-ல் கென்யாவில் கத்தோலிக்க ஆயர்களே இப்படிப் பேசினார்கள், அதற்கு முன்பு தொண்ணூறுகளில் மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் ஓடிய கதை. இங்கே 2017-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துப் பெற்றோர்கள் பயந்து, முகாமையே நீட்டிக்க வேண்டி வந்தது நினைவிருக்கும். கருத்தடை என்பவர்களை ஒன்று கேட்கிறேன். நாற்பது வருடமாக இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பெண்கள் பெற்ற பிள்ளைகள்தானே நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேரன் பேத்திகள்?

ஆஸ்பத்திரி மேல் கோபப்படுவதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். அது அதிகம்தான். பிரசவ அறையில் பெண்களை அதட்டுகிறார்கள், கூடப் பெண் துணையை நிறுத்த விடுவதில்லை என்ற குறைகளைக் கேட்டிருக்கிறேன், நம்புகிறேன். அதைக் கேளுங்கள், மனு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன், முப்பத்தைந்து வருட அனுபவம் இருக்கிறது. ஆனால் டாக்டர் மேல் உள்ள கோபத்துக்குக் குழந்தையின் கொப்பூழில் மண்ணை வைக்காதீர்கள்.

இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம், படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கும், சரி. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கொடி காய்ந்து விழ ஒன்றிரண்டு வாரமாகும். அந்த நாட்களில் குழந்தையை யார் குளிப்பாட்டுவது? நம் வீட்டம்மாக்கள்தான். "சீக்கிரம் காயட்டும்" என்று கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பவுடர், கொஞ்சம் வசம்புக் கரி. மகள் வேண்டாம் என்றால், "உன்னை நான் வளர்க்கலையா" என்ற ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவோம். அங்கே எதுவும் வைக்கக் கூடாது. எண்ணெய் கூடாது, விபூதி கூடாது. காற்றாட விட்டால் தானே காய்ந்து விழும். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டி அழகு பாருங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

ஊசிக் கணக்கு இதுதான். கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நாலு வாரம் கழித்து இரண்டாவது. முந்தைய பிரசவத்தில் இரண்டும் போட்டு மூன்று வருடத்துக்குள் மறுபடி கர்ப்பம் என்றால் ஒன்றே போதும். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னாலாவது கடைசி ஊசி போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருக்கும். இப்போது போடும் ஊசியில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது. கை கொஞ்சம் வலிக்கும், ஒரு நாள் சுரம் அடிக்கலாம். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய ஊசிகளைப் பேத்திக்கு இப்போதே போட்டுவிட்டால் பிற்காலத்துக்கு அது முதல். (நமக்கும்தான். தோட்டத்தில் மண்வெட்டி பட்டுக் காயமானால் மஞ்சளை அப்பிக்கொண்டு உட்காராமல் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நம்மில் பலர் கடைசியாக எப்போது போட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும்.)

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். ஊசிக்குக் காசு கிடையாது. மருமகளையோ மகளையோ தனியாக அனுப்பாமல், வீடியோ அனுப்பிய நண்பரையும் முடிந்தால் கூட அழைத்துக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்கிற நேரத்தில் அவருடைய அம்மாவுக்கு எத்தனை பிறந்தது, எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்கள்.